மெஷின் குடிக்கும் தண்ணீர்

1

நேற்று இங்கே மெர்டேக்கா நாள். மலாயா சுதந்திரம் பெற்று இரண்டு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. பள்ளிக்கூட அணிவகுப்பில் கொடி பிடித்து நடந்த என் மகள் கமலா, கால் வலிக்கிறது என்று இன்று காலை பாயை விட்டு எழ மறுத்தாள். இவர் ஜவுளிக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தோசைக்கல் சூடாகிற நேரம் பார்த்து வாசலில் சைக்கிள் மணி அடித்தது. சுகாதார இன்ஸ்பெக்டர் ஹமீத் நின்றுகொண்டிருந்தார். சைக்கிளுக்குப் பின்னால் மரப்பெட்டி, அதற்குள் வைக்கோல் சுற்றிய காலிப் போத்தல்கள்.

"மக் சிக், பெரிகிக்குப் போகலாமா?" என்றார். மக் சிக் என்றால் சின்னம்மா, பெரிகி என்றால் கிணறு. இந்த இரண்டு சொல்லும் இல்லாமல் என் பொழுது இப்போது போவதில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு அவருடன் போனேன். எங்கள் சந்தில் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு எடுத்தால் வீட்டுக்கு ஒருவர் கிணற்றடியில் நிற்க வேண்டும். இது சட்டம் அல்ல, நாங்களாகப் போட்டுக்கொண்ட ஏற்பாடு. போன மாதம் இந்த ஏற்பாட்டைப் பற்றித் தங்கைக்கு எழுதியிருந்தேன். அவள் பதில் போட்டிருக்கிறாள்: கடல் கடந்து போய்ப் பிறத்தியார் கிணற்றை எட்டிப் பார்ப்பதற்கா உன்னைக் கட்டிக்கொடுத்தோம் என்று. அவளுக்குச் சொல்கிற சாக்கில் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஊரில் இருந்தபோதே எனக்கு எதையும் கேட்காமல் இருக்க முடியாது. கடல் தாண்டினால் புத்தி மாறிவிடுமா என்ன?

2

நாங்கள் குடியிருக்கும் காஜா பேராங் மலாக்கா பட்டணத்துக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்வேலி தாண்டினால் கம்போங் செட்டி. செட்டி என்றதும் நம் நாட்டுச் செட்டியார்களை நினைத்துவிடாதீர்கள். நான் நினைத்தேன், அவமானப்பட்டேன்.

இங்கே வந்த புதிதில், நெற்றியில் குங்குமமும் திருநீறும், உடம்பில் மலாய்க்காரப் பெண்கள் அணியும் கபாயாச் சட்டையுமாகக் கோயிலிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். பெயர் கேட்டேன், நாகம்மா என்றார். அப்பாடா, பேச ஓர் ஆள் கிடைத்தாள் என்று ஊர், கப்பல், சீக்கு, வாடகை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் தமிழில் கொட்டித் தீர்த்தேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் நிறுத்தியதும், "தாக் தாவ் லா, ஆடிக்" என்றார். ஒன்றும் தெரியவில்லை தங்கச்சி என்று அர்த்தம்.

இவர்களுடைய முன்னோர் நம் பக்கத்திலிருந்து வணிகத்துக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. கும்பிடுவது மாரியம்மனை. வைத்துக்கொள்ளும் பெயர் நம் பெயர். பேச்சு மட்டும் ஒருவகை மலாய். அதற்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தமிழ்ச் சொல் தலைகாட்டும். நான் அவரைத் தமிழில் அக்கா என்பேன், அவர் என்னை மலாயில் ஆடிக் என்பார். இப்படியே நாலு வருஷம் ஓடிவிட்டது. அவர் பேச்சு இப்போது எனக்கு முழுக்கப் புரியும், ஆகவே இதில் அவர் பேசுவதை நம் தமிழிலேயே எழுதுகிறேன். கமலாவுக்கு நிலைமை தலைகீழ். சாப்பிட்டாயா என்று நான் தமிழில் கேட்டால், "சுடா மாக்கான்மா" என்கிறாள். சாப்பிட்டுவிட்டேன் என்பதில் மிஞ்சிய தமிழ் அந்தக் கடைசி 'மா' ஒன்றுதான். இதற்காக ஒரு காலத்தில் கோபப்பட்டேன்.

நாகம்மா அக்கா விதவை. நாங்கள் வந்த வருஷம்தான் அவர் கணவர் போனார். மகன் ராஜு துறைமுகத்தில் குமாஸ்தா. வீட்டுக்குப் பின்னால் அவர்களுடைய பெரிய கிணறு. சந்துமுனையில் குழாய் இருக்கிறது என்றாலும், சந்தில் பாதி வீடு குடித்தது அந்தக் கிணற்றைத்தான். யார் வாளியோடு வந்தாலும் அக்கா ஒரு சொல் சொல்லமாட்டார். அவருக்கு அதில் ஒரு பெருமை உண்டு. இருக்கட்டுமே, நல்ல தண்ணீர் கொடுப்பவர் பெருமைப்படாமல் வேறு யார் பெருமைப்படுவது?

3

சுதந்திரம் வந்த மறுவருஷம், கிணற்றுக்குப் பின்னால் இருந்த பழைய செம்மண் பள்ளத்தில் லோரிகள் மண் கொட்ட ஆரம்பித்தன. குருபோங் பக்கம் ஒரு கம்பெனி கொட்டகை போட்டு, ஈயச் சுரங்கத்து மண்ணை வாங்கி அலசி, ஈயத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தது. அலசி மிஞ்சும் மணலுக்கு அமாங் என்று பெயர். அதைத்தான் கொண்டுவந்து தள்ளினார்கள்.

பள்ளம் மூடினால் கொசு ஒழியும் என்று சந்தில் எல்லோருக்கும் சந்தோஷம். மணலும் பார்க்க அழகு, கருகருவென்று நைஸாக இருந்தது. நாகம்மா அக்கா ஆள் வைத்து வாசலில் பரப்பிக்கொண்டார், சேறு ஒட்டாது என்று. பிள்ளைகளுக்கு அது விளையாட்டுச் சாமான்.

ஒருநாள் கமலா தகர மூடியில் எதையோ வைத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "பொன் கடைம்மா" என்றாள். கறுப்பு மணலுக்கு நடுவிலிருந்து தேன் நிறத்தில் மின்னும் பொடிகளைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பொடியை எனக்குத் தெரியும்.

நான் பிறந்தது குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைச் சிற்றூர். எங்கள் கடற்கரை மணல் கறுப்பு. அப்பா மண் எடை போடும் இடத்தில் வேலை பார்த்தார். அந்த மணலில் இருக்கும் தேன் நிறப் பொடிக்காகத்தான் சீமைக்காரன் கப்பல் கப்பலாக அள்ளிக்கொண்டு போனான் என்பார். பிறகு நம் சர்க்கார் விழித்துக்கொண்டு, அதிலே அணுச் சக்திக்கு வேண்டிய சரக்கு இருக்கிறது, வெளியே போகக்கூடாது என்று காவல் போட்டது. பாவாடை மடியில் மணலோடு பிடிபட்டால் காவல்காரர் விரட்டுவார். சும்மா விளையாட அள்ளியதுதான் என்றாலும் விடமாட்டார்.

அங்கே காவல் போட்டுக் காக்கும் மண் இங்கே எப்படிக் குப்பையாகும்? விலை உயர்ந்த சரக்கு என்றால் ஏன் பள்ளத்தில் கொட்டுகிறார்கள்? குப்பைதான் என்றால் அங்கே ஏன் துப்பாக்கிக்காரர்? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. சோறு வடிக்கும்போதும் அதே யோசனை. இவரிடம் கேட்டால், "ஒனக்கு வேற வேலையே இல்லியா? மண்ணு மண்ணுதான்" என்றார். தஞ்சாவூர்க்காரர். அவருக்கு மண் என்றால் நெல் விளைவது, அவ்வளவுதான்.

4

மழைக்காலம் வந்தது. பள்ளத்தில் தேங்கிய மழைநீர் வடியும் வழி தெரியாமல் வடிந்தது. கொஞ்ச நாளில் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்த அரிசியின்மேல் துருப்போல ஏடு படிந்தது. வாயில் ஊற்றினால் நாக்கில் இரும்புக் கரண்டி வைத்த ருசி. சந்துக்காரர்கள் சிலர் சேர்ந்து மனுக் கொடுக்க, தண்ணீரைச் சோதித்துப் பார்க்க உத்தரவு ஆனது. அந்த நேரம் நான் நாத்தனார் வளைகாப்புக்குச் சிரம்பான் போயிருந்தேன்.

திரும்பி வந்தபோது முடிவே வந்துவிட்டிருந்தது. கிணற்றுத் தண்ணீர் எல்லாம் மிக நல்ல தண்ணீர், குடிக்கலாம்! லோரிகள் முன்னைவிட உற்சாகமாக வந்து கொட்டிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டு அரிசியில் ஏடு அப்படியே இருந்தது.

என்னால் சும்மா இருக்க முடியுமா? நாகம்மா அக்கா வீட்டுச் சமையல்கட்டில் போய் உட்கார்ந்தேன். "அக்கா, போத்தல்ல தண்ணி எப்படிப் புடிச்சுக் குடுத்தீங்க? ஒண்ணுவிடாம சொல்லுங்க" என்றேன்.

அக்கா முகம் மலர்ந்தது. முதல்நாள் ஹமீத் வீட்டுக்கு ஒரு போத்தல் வைத்துவிட்டு, உங்கள் குடிதண்ணீரை நிரப்பி வையுங்கள், நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போயிருக்கிறார். அக்கா போத்தலைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார். பொழுது விடிவதற்குள், ஊர் கலக்குமுன் கிணற்றில் முதல் வாளி இறைத்தார். அதை மண்ஜாடியில் ஊற்றிப் படிகாரத்தைச் சுழற்றித் தெளியவைத்தார். வெள்ளைத் துணியில் வடிகட்டினார். கொதிக்கவைத்தார். கொதிக்கும்போது பாண்டான் இலை முடிச்சு ஒன்றைப் போட்டார். நாம் பாயசத்துக்கு ஏலக்காய் போடுவதுபோல இங்கே எதற்கும் மணத்துக்குப் போடும் இலை அது. விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுப்பது இந்த வீடுகளில் இப்படித்தான். ஆறியதும் போத்தலில் ஊற்றி, வாழை நாரால் மூடியைக் கட்டித் தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறார்.

"அக்கம்பக்கத்து வீட்டுலயும் இப்படித்தானா?"

"பின்னே? மூலை வீட்டு மீனாட்சிக்குத் தன் கிணறு கலங்கலா இருக்கேன்னு ஒரே வெக்கம். ரோட்டுக் குழாய்ல புடிச்சுக் குடுத்துட்டா" என்றார்.

நான் சிரித்தேன். கண்ணில் நீர் வரச் சிரித்தேன். சோதனைச்சாலைக்காரர், ஒரு போத்தலில் தண்ணீர் இனிய மணத்தோடு இருந்தது என்று எழுதியிருந்தாராம். எழுதாமல் என்ன செய்வார்? ஊரே சேர்ந்து அவருக்கு விருந்து வைத்திருக்கிறது! சிரித்து ஓய்ந்தபோதுதான் நினைவு வந்தது. அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் கமலா பள்ளியிலிருந்து வந்ததும் வாளியிலிருந்தே கையில் ஏந்திக் குடிப்பாள்.

5

"அக்கா, இன்னொரு தடவை குடுங்க. கிணத்துல இருக்கறது இருக்கறபடியே" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "மானா போலே! மாலு லா!" என்றார். எப்படி முடியும், வெட்கம் இல்லையா என்கிறார். வடிகட்டாத, கொதிக்காத தண்ணீரை வீடு தேடி வந்தவன் கையில் கொடுப்பது, இனி என் வாசலை மிதிக்காதே என்று சொல்வதற்குச் சமம். என் மாமனார் வெட்டிய கிணற்றை நானே கெட்டது என்று காட்டிக்கொடுக்கவா என்று கேட்டார். நான் பொறுமை இல்லாமல், "அப்போ எல்லாரும் துருத் தண்ணி குடிச்சுச் சாவலாமா?" என்று கத்திவிட்டேன். அதோடு பேச்சு நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் என்னைப் பார்த்தால் கோழியை விரட்டுகிற சாக்கில் திரும்பிக்கொள்வார்.

நான் நேரே சுகாதார அலுவலகத்துக்குப் போனேன். அங்கே மேஜைக்கு மேஜை கேள்வி. கிணறு உங்களுடையதா? இல்லை. வீடு சொந்தமா? வாடகை. இந்த நாட்டுப் பிரஜையா? மனுப் போட்டிருக்கிறோம், இன்னும் ஆகவில்லை. அப்படியானால் இந்தக் கிணற்றுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்? தண்ணீர் குடிக்கிறேன் என்றேன். குடிப்பதற்கு அவர்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

செய்தி என்னைவிட வேகமாக வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. இவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. "நாம பொழைக்க வந்தவங்க. பிரஜா உரிமை கெடைக்கிற நேரத்துல ஊர் வம்பு எதுக்கு? நாளைக்கு இவ கலகக்காரின்னு எழுதிட்டான்னா?" என்றார். அவர் பயம் பொய்யில்லை. எனக்கும் அது இருந்தது. ஆனால் பிரஜை ஆகிறவரை பிள்ளை தாகத்தோடு இருக்க முடியுமா?

ஹமீத் என்னைத் தேடி வந்தது எனக்கு ஆச்சரியம். சின்ன வயது, வெள்ளைக்காரர் இருந்த நாற்காலியில் புதிதாக உட்கார்ந்தவர். போத்தல் கதையை நான் சொன்னதும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எங்கம்மாகிட்ட வச்சுட்டுப் போயிருந்தாலும் இப்படித்தான் செஞ்சிருப்பாங்க" என்றார். எங்கள் ஊர் மணல் கதையையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, மறுபடி எடுக்கலாம், ஆனால் முடிவைக் கிணற்றுக்காரரே மறுத்துச் சொல்ல வேண்டும் என்றார். கிணற்றுக்காரரோ கோழி விரட்டிக்கொண்டிருந்தார்.

6

முடிச்சை அவிழ்த்தது நான் இல்லை, ஹமீத் இல்லை, கம்பெனி மேலாளர்.

ஒரு மாலை அவர் காரில் வந்து நாகம்மா அக்கா வீட்டில் இறங்கினார். கையில் ரோஜாப்பூப் படம் போட்ட பெரிய பிஸ்கட் டின். "உங்க கிணறுதான் எங்களைக் காப்பாத்துச்சு. இவ்வளவு நல்ல தண்ணி இருக்கறப்ப யார் என்ன சொல்ல முடியும்? பள்ளம் முழுக்க நிரப்பிடலாம்" என்று நன்றி சொன்னார். மரியாதையான மனிதர்தான். அவர் போனபிறகு அக்கா அந்த டின்னைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாக ராஜு சொன்னான்.

மறுநாள் காலை வேலி ஓரம் வந்து, "ஆடிக், பாஜு மாத்திட்டு வா" என்றார். பாஜு என்றால் சட்டை. நான் சேலையைத்தான் மாற்றிக்கொண்டேன். முதலில் குருபோங்குக்குப் பஸ் ஏறி, கொட்டகை வாசலில் பிஸ்கட் டின்னை அப்படியே திருப்பிக் கொடுத்தார். பிறகு அலுவலகம். மேஜைக்காரர் வழக்கமான கேள்விகளைத் தொடங்குமுன் அக்கா சொன்னார்: "அது என் கிணத்துத் தண்ணி இல்லை. அது என் மரியாதை. அதைக் காட்டி மண் கொட்டக்கூடாது."

இதைச் சொன்னவர், சந்தில் நடந்தால் நிழலுக்கும் வழிவிடும் மனுஷி.

7

இரண்டாவது தடவை எல்லோர் கண்முன்னால் எடுப்பது என்று முடிவானது. ஆனால் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. அதிகாரியே வாளி போட்டு இறைத்துக்கொண்டு போனால், வீட்டுக்காரி தண்ணீர் கொடுக்க மறுத்தாள் என்று ஆகிவிடும். வீட்டுக்காரி எடுத்துக் கொடுத்தால், கெட்ட தண்ணீர் கொடுத்தாள் என்று ஆகிவிடும். கிணற்றடியில் இதைப் பற்றி நடந்த விவாதம், அணுவைப் பற்றி நடந்ததைவிடப் பெரியது.

அன்று காலை ஹமீத் வந்ததும் அக்கா அவரை வாசல் பெஞ்சில் உட்காரவைத்தார். கண்ணாடிக் குவளையில், பாண்டான் மணக்கும் ஆறிய தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். ஹமீத் இரண்டு கையாலும் வாங்கி, முழுவதும் குடித்து, குவளையைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு அக்கா கிணற்றைக் கைகாட்டினார்.

"நீ குடிக்கிறது இது. ஒன் மெஷின் குடிக்கிறது அது. போய் எடுத்துக்கோ."

அவ்வளவுதான். ஒரே வாக்கியத்தில் விஷயம் முடிந்தது. அன்று முதல் மற்ற வீடுகளிலும் இதே முறைதான்.

ஹமீத் இறைத்தார், நாங்கள் பார்த்தோம். கம்பெனி மேலாளரும் வந்து நின்றார். ஒவ்வொரு கிணற்றிலும் இரண்டு போத்தல், ஒன்று சோதனைக்கு, ஒன்று அரக்கு வைத்துக் கோயில் அலமாரிக்கு. நாளைக்கு யாராவது போத்தல் மாறிவிட்டது என்று சொல்லக்கூடாது அல்லவா?

மணலைப் பற்றி ஹமீத் எழுதிக் கேட்டிருந்ததால், கனிமத் துறையிலிருந்து ஒரு வெள்ளைக்காரரும் அன்று ஈப்போவிலிருந்து வந்திருந்தார். கையில் ஒரு பெட்டி, அதிலிருந்து வயரில் தொங்கும் குழல். கிணற்றடியில் அது எப்போதாவது ஒரு 'டிக்' சொன்னது. பள்ளத்து மணலுக்குமேல் பிடித்ததும் காய்ந்த சட்டியில் கடுகு போட்டதுபோலப் பொரிந்தது. பெண்களுக்கு ஒரே வேடிக்கை. என் வளையலில் வையுங்கள், இந்தப் பலகாரத்தில் வையுங்கள், ஹமீத் சைக்கிளில் வையுங்கள் என்று ஆளாளுக்கு இழுத்தார்கள். அந்த மனிதர் முகம் கோணாமல் எல்லாவற்றிலும் வைத்துக் காட்டினார். நாகம்மா அக்காவின் வாசலுக்கு வந்ததும், யாரும் கேட்காமலே பெட்டி மறுபடி பொரிந்தது. அவர் சேறு ஒட்டாமல் இருக்கப் பரப்பிய மணல். சிரிப்பு நின்றுவிட்டது. நான் வீட்டுக்கு ஓடிப்போய்க் கமலாவின் பொன் கடைத் தகர மூடியை எடுத்துவந்து நீட்டினேன். அதற்கும் பொரிந்தது. அன்று எனக்கு வந்த பயத்தை எழுதத் தெரியவில்லை, பிள்ளையின் கையைப் பிடித்துக் கிணற்றடியிலேயே சோப்புப் போட்டுக் கழுவினேன். எந்தத் தண்ணீரில் கழுவுகிறேன் என்பதுகூட அப்புறம்தான் உறைத்தது.

மணலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் வருகிறது, பெட்டி அதைக் கேட்கிறது, ஆனால் தண்ணீருக்குள் என்ன கரைந்திருக்கிறது என்பதைச் சோதனைச்சாலைதான் சொல்ல வேண்டும், நான் அவசரப்பட்டு ஒன்றும் சொல்லமாட்டேன் என்றார் வந்தவர். ஹமீத் அதை மலாயில் சொன்னார். அக்கா கவனமாகக் கேட்டார்.

"வாடை இல்லையா?"

"இல்லை."

"ருசி?"

"அந்த இரும்பு ருசி வேற விஷயம். இதுக்கு ருசி கெடையாது."

"அப்போ இந்தப் பெட்டி ஈப்போவுக்குப் போயிட்டா, எங்களுக்கு எப்படித் தெரியும்?"

வெள்ளைக்காரர் ஹமீத்தைப் பார்த்தார். ஹமீத் மேலாளரைப் பார்த்தார். சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து எடுப்பது, சந்துக்காரர் முன்னால் எடுப்பது, முடிவை அலுவலகத்தில் பூட்டி வைக்காமல் சந்துக்கு வந்து படிப்பது என்ற ஏற்பாடெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவைதான்.

8

முடிவு வந்ததும் மாரியம்மன் கோயில் முற்றத்தில் படித்தார்கள். ஹமீத் மலாயில் படிக்க, எங்கள் சந்தின் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் தமிழில் சொன்னேன். மற்றக் கிணறுகள் இப்போதைக்குச் சரி, ஆனால் தொடர்ந்து பார்க்க வேண்டும். நாகம்மா அக்காவின் கிணற்றில் இருக்கக்கூடாதது இருக்கிறது, குடிக்கவும் சமைக்கவும் கூடாது, மறு அறிவிப்பு வரும்வரை. எவ்வளவு காலம் என்று கேட்டோம். தெரியாது என்று ஹமீத் உண்மையைச் சொன்னார்.

கிணற்றடியில் சிவப்பு எழுத்துப் பலகை நட்டார்கள். லோரிகள் நின்றன. வாசல் மணலை வாரிக்கொண்டு போனார்கள். பள்ளத்தில் கொட்டியது பள்ளத்திலேயே கிடக்கிறது, அதை யார் அள்ளுவது, எங்கே கொண்டுபோவது என்று இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இன்று காலை ஹமீத் எடுத்துப் போன போத்தல் என்ன சொல்லுமோ, அதையும் முற்றத்தில் நின்றுதான் கேட்போம்.

இதற்கிடையில் எனக்கு இன்னொரு யோசனை வந்து தூக்கத்தைக் கெடுத்தது. நாங்கள் அந்தக் கறுப்பு மணலிலேயே பிறந்து புரண்டவர்கள். எங்கள் ஊர்க் கிணற்றை யாராவது சோதித்திருக்கிறார்களா? அண்ணனுக்கு எழுதிக் கேட்டேன். "மண்ணை நம்பி நூறு குடும்பம் கஞ்சி குடிக்குது. நீ அங்கிருந்து வெடி வைக்காதே" என்று பதில் போட்டார். நல்லது கெட்டது எதுவும் எனக்குத் தெரியாது, எங்கள் ஊர்த் தண்ணீர் அமிர்தமாகவே இருக்கலாம். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். அந்தப் பக்கத்து வாசகர் யாராவது இதைப் படித்தால், வெட்கப்படாமல் கேட்டுப் பாருங்கள்.

9

பலகை நட்ட பிறகு போகி வந்தது. நம் ஊரில் பழைய பாயைக் கொளுத்தும் அந்த நாளில், செட்டிகள் வீட்டில் இறந்தவர்களை அழைத்துச் சாப்பாடு போடுகிறார்கள். பார்ச்சு என்று பெயர். இறந்தவருக்கு உயிரோடு இருந்தபோது எது எது பிடிக்குமோ அத்தனையும் சமைத்து வாழை இலையில் வைப்பார்கள். நாகம்மா அக்கா எங்களையும் கூப்பிட்டிருந்தார்.

கணவருக்குப் பிடித்த தேங்காய்ப்பால் சோறு, கருவாட்டுச் சம்பல், கட்டிக் கறுப்புக் காப்பி, ஒரு சுருட்டு எல்லாம் இலையில் இருந்தன. மனிதர் சாப்பாட்டோடு பெரிய குவளை நிறையக் கிணற்றுத் தண்ணீர் குடிப்பாராம். குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை என்று சாகும்வரை வாயில் வைத்ததில்லையாம். அதனால் குவளையை எடுத்துக்கொண்டு அக்கா பின்கட்டுப் பக்கம் திரும்பியபோது எங்கள் எல்லோர் கண்ணும் அவர்மேல்தான் இருந்தது. அவர் கிணற்றுப் பக்கம் போகவில்லை. குடத்திலிருந்த குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பி, கொண்டுவந்து இலை ஓரத்தில் வைத்தார். வைத்துவிட்டு, எதிரே ஆள் உட்கார்ந்திருப்பதைப்போல நேராகப் பார்த்துப் பேசினார்.

"இது குழாய்த் தண்ணி. கோவிச்சுக்காதீங்க. நம்ம கிணத்துல குடிக்காதீங்க, இப்போ நல்லா இல்லை. பாக்கறாங்க. சரியானதும் நான் சொல்றேன்."

ராஜு பதறிவிட்டான். "மா, பந்தாங்! சாமி கும்பிடற நேரத்துல கெட்ட சேதி சொல்லலாமா?" என்றான். பந்தாங் என்றால் ஆகாதது.

அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தார். "முற்றத்துல ஊருக்கெல்லாம் படிச்சாங்க. உங்கப்பாவுக்கு யாரு சொன்னா?" என்றார்.

என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த கமலா விசும்ப ஆரம்பித்தாள், எனக்கும் அடக்க முடியவில்லை. அக்கா கற்பூரம் ஏற்றி, குவளையை இலைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். பிறகு, அவர் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.